மலை ஜீப்பில் கோளாறு எங்கே? பாகத்தை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒரு மழைக்காலத்தில் என் ஜீப் மேட்டில் திணற ஆரம்பித்தது. கிளம்பி அரை மணி நேரம் ஒரு குறையும் தெரியாது. அப்புறம் இரண்டாவது கியரில்கூட இழுக்காது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் பழையபடி ஓடும். ஒரு ஒர்க் ஷாப்பில் டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸ் செய்தார்கள், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு நாசிலையும் மாற்றினார்கள். மறுவாரம் அதே மேட்டில் அதே திணறல்.

சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நிக்கிறப்ப டேங்க் மூடியத் திறந்து பாத்தியா தம்பி?" என்று கேட்டார். அடுத்த முறை வண்டி திணறியதும் மூடியைத் திருகினேன். புஸ் என்று காற்று உள்ளே போனது, வண்டி உடனே இழுத்தது. மூடியில் காற்றுப் போக இருக்கும் சின்னத் துளையைச் சேறு அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் கூடி, பம்பால் உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது. வண்டி நிற்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதால் மறுபடி ஓடியிருக்கிறது.

பெரியவர் பம்பைப் பற்றியோ நாசிலைப் பற்றியோ கேட்கவில்லை. வண்டி நிற்கும் அந்த நேரத்தில் என்ன ஆகிறது என்பதை மட்டும் பார்க்கச் சொன்னார். கீழே உள்ள எல்லாச் சோதனைகளும் அந்தக் கேள்வியில் இருந்து பிறந்தவைதான்.

நான் மனதில் வைத்து எழுதுவது மஹிந்திராவின் பழைய ஜீப்புகளை: எம்எம்540, மேஜர், கமாண்டர் போன்றவை. லீஃப் ஸ்பிரிங், தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது), மெக்கானிக்கல் டீசல் பம்பு. இவற்றில் சிலவற்றில் 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின் இருக்கும், அதற்குக் குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உண்டு. சிலவற்றில் மஹிந்திராவின் டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின் இருக்கும். 2010-இல் வந்த தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) வைத்திருப்பவர்களுக்கு கியர், பின் அச்சுப் பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் டீசல் பைப்பைத் தளர்த்திப் பார்க்கும் சோதனை எதையும் அந்த இன்ஜினில் செய்யக் கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

முதல் படி: எழுதி வையுங்கள்

ஸ்பேனரைத் தொடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? மேட்டிலா, சமதளத்திலா, இறக்கத்திலா? சத்தம் இன்ஜின் வேகத்தோடு ஏறுகிறதா, வண்டியின் வேகத்தோடு ஏறுகிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா? கடைசியாக அந்த வண்டியில் யார் எதைக் கழற்றினார்கள்?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்வீஸுக்குப் போய்வந்த மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால், அங்கே தொட்ட இடத்தில் இருந்துதான் தேட வேண்டும். இறுக்காமல் விட்ட கிளிப்பும், சரியாக உட்காராத ஃபில்டர் வாஷரும் எத்தனையோ பேரை வழியில் நிறுத்தியிருக்கின்றன.

இரண்டாம் படி: வண்டியின் அடியில் பாருங்கள்

இரவில் வண்டிக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டுவிட்டு, காலையில் எந்த இடத்தில் என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பிசுபிசுவென்று கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உட்புறம், டயரின் பக்கச்சுவரில் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம். மெல்லிய திரவமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. கெட்டியான ஆயிலாக இருந்தால் ஆக்ஸில் சீல் போய், ஆயில் பிரேக் லைனிங்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே இறக்கத்தில் உயிருக்கு ஆபத்து.

அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, முன், பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலோ, பின் ஷாஃப்டைக் கழற்றினாலோ ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி உருளும்.

மூன்றாம் படி: ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்

டீசல் இன்ஜினுக்கு வேண்டியது மூன்றுதான்: போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று வர வேண்டும், டீசல் வர வேண்டும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியை மாற்றத் தோன்றும். அதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே கணிசமாக விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் சோர்வாகச் சுற்றினால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில்தான் கோளாறு. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் இது மிகச் சாதாரணம். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் முடிந்தது.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் புகைக்குழாயைப் பாருங்கள். சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் முதலில் அதைப் பாருங்கள். பிறகு கம்ப்ரஷன், பம்பு டைமிங்.

நான்காம் படி: டீசல் வழியைப் பாதியாகப் பிரியுங்கள்

டேங்கில் இருந்து நாசில் வரை எத்தனையோ பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றாமல் நடுவில் வெட்டிப் பார்த்தால் பாதி வேலை மிச்சமாகும்.

சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசலை ஊற்றி, பம்பைவிட உயரமான இடத்தில், சூடும் ஃபேனும் படாதபடி கட்டுங்கள். டேங்கில் இருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனில் இருந்து ஒரு ஹோஸை, டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் குழாயையும் கேனுக்கே திருப்பிவிடுங்கள். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி (ஏர் எடுப்பது எப்படி என்று கீழே சொல்கிறேன்) ஸ்டார்ட் செய்து, திணறல் வரும் அளவுக்கு ஓடவிடுங்கள். இப்போது கோளாறு இல்லை என்றால் அது டேங்கில், மூடியில், உறிஞ்சும் குழாயில் அல்லது வழியில் உள்ள ஹோஸில் இருக்கிறது. கோளாறு அப்படியே இருந்தால் ஃபீட் பம்பிலோ, அதற்கு அப்பால் இன்ஜின் பக்கத்திலோ இருக்கிறது. அன்று எனக்கு இந்தச் சோதனை தெரிந்திருந்தால் பம்பைக் கழற்றவே விட்டிருக்க மாட்டேன்.

உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பல நேரம் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு டீசலைத் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி ஓட விடுங்கள். குமிழ்கள் தொடர்ந்து ஓடினால் காற்று எங்கோ நுழைகிறது. வெளியே நன்றாக இருக்கும் ரப்பர் ஹோஸ் உட்புறம் உரிந்து மடிந்து, வேகம் ஏறும்போது மட்டும் வழியை அடைப்பதும் உண்டு. பழைய ஹோஸ் மீது எனக்குக் கருணையே கிடையாது. சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவேன்.

ஏர் எடுப்பது இப்படி: ஃபில்டரின் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை பிரைமரை அடியுங்கள். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள திருகில் அதே வேலை. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் முனையில் உள்ள பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, டீசல் எட்டிப் பார்க்கும் வரை செல்ஃப் அடித்து, பிறகு இறுக்குங்கள். துணி, கை எதுவும் அருகில் வேண்டாம். பழைய இன்ஜினிலும் நாசில் திறக்கும் அழுத்தம் 100 பாருக்கு மேல்தான்.

இன்ஜின் மூன்று காலில் ஓடுவதுபோல் குலுங்கினால், ஐடிலில் வைத்து, இதே நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் இன்னும் தடுமாறும். தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் நாசில். நகராமல் அதே இடத்தில் நின்றால் வால்வு, கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும்.

புகை சொல்வது

கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு. தூசிச் சாலையில் ஓடிய வண்டியில் முதலில் ஏர் ஃபில்டரைத் திறங்கள். ஆயில் ஊற்றும் வகை ஃபில்டராக இருந்தால் அடியில் சேறு படிந்திருக்கும். அதில் ஆயிலைக் கோட்டுக்கு மேலே ஊற்றிவிட்டால் இன்ஜின் அதை உறிஞ்சி நீலப் புகை விடும். பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் இதைப் பாருங்கள்.

நீலப் புகை நிற்கவில்லை என்றால், இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வருவது இயல்பு. ரயில் இன்ஜின்போல் துடித்துத் துடித்துப் புகை அடித்தால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன.

சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மேட்டில் சூடேறினால்

ரேடியேட்டரின் வெளி முகத்தில் காய்ந்த சேறு இருக்கிறதா? பின்பக்கத்தில் இருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே போகலாம். அதற்கு மேல் என்றால் இறுக்கம் போதாது.

மலை ஓட்டத்தில் யாரும் கவனிக்காத பாகம் ரேடியேட்டர் மூடி. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கொழுக்குமலைபோல் 7,000 அடிக்கு மேலே உள்ள இடத்தில் 93 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் பிடிக்கும் அழுத்தம்தான் கொதிநிலையை மேலே தள்ளுகிறது. மூடி பிடிக்கும் ஒவ்வொரு பவுண்டு (psi) அழுத்தத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடுதலாகத் தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்துபோன வண்டி, ஊரில் நன்றாக ஓடிவிட்டு மலையில் மட்டும் கொதிக்கும். ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யச் செலவழிக்கும் முன் ஒரு புது மூடி போட்டுப் பாருங்கள்.

ஹெட் காஸ்கெட் சோதனையை இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். மூடியைத் திறந்து, கூலன்டை விளிம்பு வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து லேசாக ரேஸ் கொடுங்கள். ஆரம்பத்தில் சில குமிழ்கள் வரும், நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்து வந்தால் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீர் வழிக்குள் கசிகிறது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஆறாம் படி: கியரும் அச்சும் எழுப்பும் சத்தங்கள்

அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவது இந்தப் பகுதிதான். "கிரவுன் பினியன் போச்சு" (அச்சின் நடுவில் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி) என்று சொல்லிக் கழற்றிய பிறகு, வீல் பெயரிங்கில் இருந்து வந்த சத்தம் என்று தெரிந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். நிதானமாகப் பிரிப்போம்.

வண்டி நிற்கட்டும், நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். கிளட்ச்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறதா? அது கியர்பாக்ஸின் முன் பெயரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறதா? அது கிளட்ச் ரிலீஸ் பெயரிங்.

அடுத்து, வெறிச்சோடிய நேர்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால் அது இன்ஜினில் இல்லை. ஷாஃப்ட், அச்சு, பெயரிங், டயர் இவற்றில் ஒன்று.

இப்போது லேசாக இடமும் வலமும் வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது ஊளை கூடினால் வலப்பக்க வீல் பெயரிங்கை முதலில் பாருங்கள். மாறாமல் ஒரே மாதிரி இருந்தால், அச்சின் நடுவில் இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் ஹவுசிங் பக்கம் சந்தேகம் போகலாம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுன் பினியன் பற்களின் அமர்வு; காலை எடுத்ததும் கூடினால் பினியன் நட்டும் பெயரிங்கும் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திரும்பும்போது மட்டும் ஹவுசிங்கில் இருந்து கடகட என்றால் உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்கள்.

கியர் போட்டு கிளட்ச்சை விடும்போது "டக்" என்று ஓர் அடி விழுகிறதா? வண்டியை நிறுத்தி, கட்டை கொடுத்து, அடியில் படுத்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இரு கையாலும் முறுக்குங்கள். ஷாஃப்டின் முனையில் உள்ள யூ ஜாயின்ட் மூட்டின் கிராஸில் ஆட்டம் தெரிந்தாலோ, தொப்பியைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகப் படிந்திருந்தாலோ கிராஸ் தீர்ந்துவிட்டது. தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு அன்றே கிரீஸ் அடித்தால் இந்தச் செலவே வராது.

அதிர்வு முன்னாலா, பின்னாலா என்று தெரியவில்லையா? முன் சக்கரங்களை அச்சோடு சேர்க்கவும் பிரிக்கவும் உள்ள ஹப்புகளை ஃப்ரீயில் வைத்து, முன் ஷாஃப்டைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் பாதி வண்டியை நீங்கள் தேட வேண்டியதில்லை.

ஃபோர் வீல் விழவில்லை என்றால்

முதலில் லீவரா, ஹப்பா என்று பிரிக்க வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் அச்சின் இருபக்கமும் ஸ்டாண்டில் வையுங்கள். இன்ஜின் நிற்கட்டும். கியரில் போட்டு, ஃபோர் வீல் லீவரையும் போட்டு, ஹப் இரண்டையும் லாக் செய்யுங்கள். முன் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியர் விழவில்லை. லீவர் லிங்க்கில் இருந்து ஆரம்பியுங்கள். ஷாஃப்ட் அசையாமல் நிற்க, ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஒன்று சுற்றும்போது மற்றது சும்மா நின்றால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை, அல்லது அந்தப் பக்க ஆக்ஸில் ஒடிந்திருக்கிறது.

லீவர் ஃபோர் வீலில் இருந்து வெளியே வராமல் மாட்டிக்கொண்டால் சுத்தியலை எடுக்க வேண்டாம். இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. தார்ச்சாலையில் ஃபோர் வீலோடு திரும்பினால் இரண்டு அச்சும் வேறு வேறு தூரம் ஓடி, ஷாஃப்டுகள் முறுக்கேறி நிற்கும். சில மீட்டர் நேராக ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக இளகும். சேற்றிலும் சரளையிலும் இந்தப் பிரச்சினை வராது, சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும்.

ஸ்டியரிங் உதறினால்

காட்டுப்பாதை முடிந்து சாலைக்கு ஏறியதும் ஸ்டியரிங் ஆடினால், ரிம்மின் உட்புறம் ஒட்டிக் காய்ந்த சேற்றை முதலில் சுரண்டி எடுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஒருவர் ஸ்டியரிங்கை விரைவாக இடமும் வலமும் சிறிது ஆட்டட்டும். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். இன்னொருவர் ஸ்டியரிங் தண்டுகளின் முனையில் உள்ள ஒவ்வொரு மூட்டின் (டை ராட் எண்டு) மேலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். தண்டு நகர்ந்த பிறகு தாமதமாக நகரும் மூட்டு எதுவோ அதுதான் தேய்ந்தது. பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பெயரிங் அல்லது கிங் பின் (சக்கரம் திரும்ப உதவும் அச்சாணி). ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பெயரிங், மறையவில்லை என்றால் கிங் பின். ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றினால் உதறல் கொஞ்ச நாள் அடங்கும், தேய்ந்த மூட்டு அப்படியேதான் இருக்கும்.

தண்ணீரில் இறங்கிய பிறகு

ஆற்றில் இன்ஜின் நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். வெளியே இழுத்து வந்து ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஹீட்டர் பிளக்குகளையோ நாசில்களையோ கழற்றிய பிறகுதான் இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும்.

அச்சின் கதை வேறு. ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது. மேலே காற்றுப் போக உள்ள பிரீதர் சேற்றால் அடைபட்டிருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இரவு முழுக்க வண்டி நிற்கட்டும். காலையில் டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால், அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் சொட்டும். ஓடியபிறகு திறந்து பார்த்தால் ஆயில் மோர்போல வெளுத்திருக்கும். இரண்டில் எதைப் பார்த்தாலும் ஆயிலை மாற்றிவிட்டு, பிரீதரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

சரிசெய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி மூன்றையும் வாங்குவீர்கள். கழற்றிய பாகத்தை ஒரு மாதமாவது பையில் போட்டு வையுங்கள். பிறகு முதலில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, அதே மேட்டில், அதே பாரத்தோடு, அதே அளவு நேரம் ஓட்டுங்கள். என் ஜீப்பை வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒர்க் ஷாப்பில் சரியாகிவிட்டது என்றார்கள். கோளாறு வர அரை மணி நேரம் ஆகும் வண்டியை நாற்பது நிமிடமாவது மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.